ரத்தக்கட்டுக்கு இரண்டு அர்த்தம்

ஜூன் 6

டாக்டரம்மாவுக்கு,

நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்கவில்லை. உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரால் கூப்பிட்டிருக்கிறேன். சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும்.

நீ பதினாறு தடவை ஃபோன் செய்தாய். நான் எடுக்கவில்லை. நீ பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் அடைத்துப்போகும். அதோடு ஃபோனில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. அப்படிப் போன ஒரு பேச்சால்தான் நான் இன்று இப்படி உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் கையில் இருக்கும். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

உன் அண்ணன் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி மாட்டினவர், கண்ணாடிக் கடை வாசலில் ஒரே ஒரு படியில் தடுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். "மேல இருந்து விழுந்திருந்தா பேப்பர்லயாவது பேர் வந்திருக்கும்" என்று சிரித்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்துப் பத்து நாளில் கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தது. டாக்டரிடம் காட்டினோம். மறுநாள் மத்தியானத்துக்குள் ஆள் இல்லை. காலில் உறைந்த ரத்தம் நெஞ்சுக்குப் போய் அடைத்துக்கொண்டது என்றார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த அந்தச் சின்ன டாக்டர் கேட்டது உனக்குத் தெரியாது. நீ அப்போது ஊரிலிருந்து வந்து சேரவில்லை. "காலை யாராவது தேய்ச்சு விட்டீங்களா?" என்றார். "நான்தான்" என்றேன். பாப்பா பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். எட்டாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு உன்னோடு கிளம்பிவிட்டாள். நான் பெற்ற மகள், பதினெட்டு வயதுப் பெண். அதிலிருந்து என்னோடு ஒரு பேச்சு இல்லை.

தேய்த்தது நான். தேய்க்கச் சொன்னது யார்? அதை நீ அவளிடம் சொல்லவில்லை. ஐந்து மாதமாக அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, ஒரே கூரையின் கீழே படுத்துக்கொண்டு, சொல்லாமல் இருக்கிறாய். நான் சொன்னால் பழியை உன் மேல் தள்ளுகிறேன் என்பாள். நீ சொல்ல வேண்டும். உன் வாயால், அவள் முகத்தைப் பார்த்து. எனக்கு உன்னிடம் வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் ஓடிப்போய் வாங்கினேன். பிரிக்கிறவரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

முதலில் பாப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சாப்பிடுகிறாள். இளைக்கவில்லை. காலையில் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறாள். எங்கள் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் தயாரிக்கிறோம். டாக்டர் ஒன்றைச் சொல்ல, வீட்டுக்குப் போகிறவர்கள் வேறொன்றாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று எங்கள் மேடம் ஆரம்பித்த வேலை. எலும்பை எலும்போடு பிடித்து வைத்திருக்கிற நார் ஒன்று, தசையை எலும்போடு சேர்க்கிற நார் ஒன்று, முதுகெலும்பில் கட்டைக்குக் கட்டை நடுவில் இருக்கிற மெத்தை ஒன்று. வருகிறவர்களுக்கு மூன்றும் 'ஜவ்வு'தான். சதை பிடித்துக்கொண்டாலும் 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்கிறார்கள். விரிசல் என்றால் முறிவு இல்லை என்று நினைத்துக்கொண்டு உடைந்த காலோடு நடக்கிறார்கள். தேய்மானம் என்று சொன்னால் எலும்பே தேய்ந்து குட்டையாகிவிடும் என்று அழுகிறார்கள். அதனால் நாற்பது சொல்லுக்கு அர்த்தம் எழுதுகிறோம். நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். மேடத்துக்கு அவள் எழுத்து பிடித்துப்போய்விட்டது. பிசியோதெரபி படிக்க விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

இனி நீங்கள் எழுதிய விஷயம்.

அன்று நான் வேலையில் இருந்தேன். நீங்கள் ஃபோனில் சொன்னது 'ரத்தக்கட்டு' என்ற ஒரே சொல். எங்கள் பிரிவில் ஒரு நாளைக்கு இருபது பேர் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். அடிபட்ட இடத்தில் தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போய் நீலமாகத் தெரிகிறதே, அதுதான் எல்லோருக்கும் ரத்தக்கட்டு. டாக்டர் நினைத்தது வேறு. ரத்தக் குழாய்க்கு உள்ளேயே ரத்தம் உறைந்து கட்டியாகிவிடுவது. அதையும் சிலர் ரத்தக்கட்டு என்றுதான் சொல்கிறார்கள். 'ரத்தம் உறைஞ்சிருக்காம்' என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருப்பேன். தேய்க்கச் சொன்னேனா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. பொதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அதோடு, தேய்த்ததால்தான் நகர்ந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது அண்ணி. எழுந்து நடந்தாலே நகரும். சும்மா இருந்தாலும் நகரும். அதை நீங்களும் நம்ப வேண்டும், நானும் நம்ப வேண்டும்.

இப்போதுதான் அவள் கொஞ்சம் சிரிக்கிறாள். அப்பா இல்லை. உங்களோடு பேச்சில்லை. நானும் இப்படி என்று தெரிந்துவிட்டால் அவளுக்கு மிச்சம் இருப்பது யார்? யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 24

டாக்டரம்மா,

'பொதுவாகச் சொல்லியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை லாண்டரியில் நின்றுகொண்டே நாள் முழுக்க மென்றேன். ஹோட்டல் படுக்கை விரிப்பு, ஒரு நாளைக்கு இருநூறு இஸ்திரி போடுகிறேன். ஒவ்வொரு விரிப்பிலும் உன் வரிதான் தெரிந்தது.

உனக்கு நினைவில்லை என்றால் நான் சொல்கிறேன். எனக்கு எழுத்துதான் வராது. காதில் விழுந்தது போகாது.

சனிக்கிழமை. டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரத்தக்கட்டு மாதிரி தெரியுது, ஸ்கேன் எடுத்துப் பாக்கணும், சீட்டுல எல்லாம் எழுதியிருக்கேன்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். சீட்டு முழுக்க இங்கிலீஷ். வீட்டுக்கு வந்து உனக்கு ஃபோன் போட்டேன். மத்தியானம் மூன்று மணி. உன் அண்ணன் காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ரத்தக்கட்டாம், ஸ்கேன் எடுக்கணுமாம்" என்றேன்.

"அட, ரத்தக்கட்டுதானே அண்ணி. கால் உடைஞ்ச ஆளுக்கு ரத்தக்கட்டு இல்லாம சர்க்கரைக் கட்டியா இருக்கும்?" என்றாய். நீ சிரித்தாய். உன் அண்ணனும் சிரித்தார்.

"சூடா இருக்குடி. கல்லு மாதிரி இருக்கு."

"ஆறு வாரம் கட்டுக்குள்ள கிடந்த கால் அப்படித்தான் இருக்கும். ரத்த ஓட்டம் வரணும். வெந்நீர் ஒத்தடம் குடுத்து, கீழ இருந்து மேல நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுங்க. பூனைக்குட்டியைத் தடவற மாதிரி தடவாதீங்க. உங்க கை வலிக்கணும்."

"அப்ப ஸ்கேனு?"

"எதுக்கெடுத்தாலும் ஸ்கேன்தான் இவங்களுக்கு. திங்கக்கிழமை பாத்துக்கலாம் விடுங்க."

இது பொதுவாகச் சொன்னதா? கை வலிக்கணும் என்றாய், கை வலிக்கிறவரைக்கும் தேய்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தடவை. "இதமா இருக்குடி" என்றார். பதினோரு மணிக்கு முகம் கழுவ எழுந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. அவ்வளவுதான்.

ரத்தக்கட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒரு அர்த்தம். நீ இப்போது எழுதித்தான் இன்னொன்று இருக்கிறது என்று தெரிகிறது. இரண்டும் தெரிந்தவள் நீ. "எந்தக் கட்டு அண்ணி?" என்று ஒரு கேள்வி கேட்க உனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் சரியாகச் சொல்லவில்லை என்று என்னைக் குறை சொல்லி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். டாக்டர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

போன வாரம் என் வலது தோளைத் தூக்க முடியவில்லை. வேறு ஒரு டாக்டரிடம் போனேன். "தசைநார் அழற்சி" என்றார்.

"அழற்சின்னா அழுகிப்போச்சுங்களா?"

"இல்லம்மா. வீங்கி வலிக்கறது."

"அந்த வார்த்தைக்கு வேற ஏதாவது அர்த்தம் இருக்குங்களா?"

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கறீங்க?"

"தேய்க்கலாமா கூடாதா? தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றேன். எழுதிக் கொடுத்தார். பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முனகினார்கள். முனகட்டும். இந்தப் புத்தி எனக்கு ஐந்து மாதம் முன்னால் வந்திருக்க வேண்டும்.

உன் அண்ணனின் சீட்டைத் தேடுகிறேன். எக்ஸ்ரே படமெல்லாம் இருக்கிறது. அந்தச் சீட்டு மட்டும் இல்லை. இருந்தால் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பேன்.

பாப்பாவிடம் சொன்னாயா?

அண்ணி


ஜூலை 5

அண்ணி,

நீங்கள் எழுதியது ஒவ்வொன்றும் சரி. சர்க்கரைக் கட்டி உள்பட.

நினைவில்லை என்று நான் எழுதியது பொய். எழுதும்போதே கை நின்று நின்றுதான் போனது.

அன்று நான் ஒருவருக்கு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டிருந்தேன். காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன். நீங்கள் சூடு என்றீர்கள், கல் என்றீர்கள். கேட்டது. ஆனால் அண்ணன் நடுவில் ஒன்று சொன்னார், அதை நீங்கள் எழுதவில்லை. "டாக்டரம்மா சொன்னா அப்பீலே கிடையாது. அந்த டாக்டர் பொழப்புக்குப் பயமுறுத்தறான்" என்றார். அது எனக்குத் தித்திப்பாக இருந்தது அண்ணி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். இங்கே எனக்குப் பெயர் 'ஏம்மா, அந்தத் தலையணையை எடு'. வெந்நீர்ப் பை நிரப்புவேன், கம்பியில் கயிறு மாட்டுவேன், படுக்கை துடைப்பேன். பதினோரு வருஷத்தில் கேட்டுக் கேட்டுச் சொற்கள் வந்துவிட்டன. சொற்கள் மட்டும்தான் வந்தன. நம் வீட்டில்தான் நான் டாக்டரம்மா. அங்கே போய் 'தெரியலை அண்ணி, ஸ்கேன் எடுத்துடுங்க' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலில் மட்டும் கெண்டை வீங்கிச் சூடாக இருந்தால் தேய்க்கக் கூடாது என்று எங்கள் அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. தினமும் அதற்குக் கீழே இருக்கிற ஆணியில்தான் என் பையை மாட்டுகிறேன்.

போன வாரம் பாப்பா கேட்டாள். "அத்தை, பட்டியல்ல ரத்தக்கட்டு இருக்கு. என்ன எழுத?"

"அதை விட்டுடு. அது நம்ம பிரிவுச் சொல் இல்லை" என்றேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டாள். இப்போது முப்பத்தொன்பது சொல்தான் இருக்கிறது.

உங்களிடம் ஒத்துக்கொண்டேன். எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் கொடுத்துவிட்டேன். இது போதாதா? அவளிடம் மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள். அவளும் போய்விட்டால் நான் யாருக்காக வீட்டுக்குப் போவேன்?

நாத்தனார்


ஜூலை 13

போதாது.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். தித்திப்பாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் உன் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. உன்னைப் பன்னிரண்டு வயதில் பார்த்தவள் நான். உனக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறேன். பிறகு சுவரும் ஆணியும் வந்தது. இரக்கம் போய்விட்டது.

யாருக்காக வீட்டுக்குப் போவேன் என்று என்னிடம் கேட்கிறாய். நான் எப்படிப் போகிறேன் என்று கேள். கதவைத் திறந்தால் ஊன்றுகோல் மூலையில் சாய்ந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டிய கோல். கடைக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். இன்னும் ஒரு வாரம் என்கிறேன். அவர் செருப்பில் இடது கால் தேயவே இல்லை, வலது கால் மட்டும் தேய்ந்திருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்துத் துடைத்து வைக்கிறேன்.

கீழ் வீட்டுக்காரிக்கு முதுகு பிடித்துக்கொண்டால் முன்பெல்லாம் என்னிடம்தான் ஓடி வருவாள். "உங்க கைல என்னமோ இருக்குக்கா" என்பாள். போன வாரம் மாடிப்படியில் நெளிந்துகொண்டு நின்றாள். "வா, தேய்ச்சு விடறேன்" என்றேன். "வேணாம்க்கா, தானா சரியாயிடும்" என்று பின்னாலேயே நகர்ந்து போனாள். சுவரில் முதுகு இடித்துக்கொண்டு போனாள். அவளுக்கு யார் சொன்னது? தெருவுக்கே தெரியும். இந்தக் கைதான் என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வாய் என்று யாருக்கும் தெரியாது.

தெரு என்ன வேண்டுமானாலும் பேசட்டும். பாப்பா அப்படி நினைக்கக் கூடாது. அவளைப் பெற்றதும் குளிப்பாட்டியதும் இதே கைதான். அவள் கண்ணில் இது கொலைகாரக் கையாக இருக்கக் கூடாது. நான் கேட்பது இது ஒன்றுதான்.

ரத்தக்கட்டு என்ற சொல்லை விட்டுவிட்டாயாமே. மற்ற முப்பத்தொன்பதையும் விட்டுவிட்டு அது ஒன்றை மட்டும் எழுதி அச்சடிக்கலாம் நீ.

இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லாவிட்டால் உன் ஜூலை ஐந்தாம் தேதிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் பாப்பா பெயருக்கு அனுப்புவேன். உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

அண்ணி


ஜூலை 29

அண்ணி,

சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், ஆஸ்பத்திரி மொட்டை மாடியில். துவைத்த திரைச்சீலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். உங்களுக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன். சுவரில் ஒட்டியிருப்பதையும் சொன்னேன். அவள் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினாள்.

"தெரியும் அத்தை" என்றாள்.

"என்ன தெரியும்?"

"ஸ்பீக்கர்லதானே பேசினீங்க. நான் உள் ரூம்ல இருந்தேன். சர்க்கரைக் கட்டின்னு சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன்."

"தெரிஞ்சும் என்கூட ஏன் வந்தே?" என்றேன்.

"உங்களைப் பாத்தா கோவம் வருது. கோவம் வந்தா ஒரு இடத்துல இருந்துட முடியுது. அம்மாவைப் பாத்தா கோவமே வரலை. அங்க என்னால இருக்க முடியலை."

பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்தாள். உள்ளே நாலாக மடித்த ஒரு சீட்டு. நீங்கள் தேடிக்கொண்டிருக்கிற சீட்டு அண்ணி. அன்று டாக்டரிடமிருந்து வந்ததும் நீங்கள் அதை அவளிடம் நீட்டினீர்களாம். "பாப்பா, என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படி" என்றீர்களாம். அவளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை. வாங்கிப் பிரிக்காமலே, "ஏதோ ஸ்கேன்னுதான் இருக்கும், அத்தைகிட்ட கேளும்மா" என்று மேஜை மேல் வைத்துவிட்டாளாம். அவசரப் பிரிவில் அந்த டாக்டர் கேட்டபோதுதான் மேஜையும் சீட்டும் அவளுக்கு ஞாபகம் வந்ததாம். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைப் படித்திருக்கிறாள்.

மூன்றே வரி. இன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். காலைத் தேய்க்கக் கூடாது. நடக்க விடக் கூடாது. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பெரிய பெரிய எழுத்து. எட்டாவது படிக்கிற பிள்ளைக்குப் புரிகிற இங்கிலீஷ்.

"நான்தான் தேய்ச்சேன்னு அம்மா சொன்னாங்க. நான் வாயைத் திறக்கலை. அம்மா கையைப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

சிரிக்கிறாள் என்று நான் எழுதினேனே, அது எனக்காகச் சிரித்தது. உண்மையில் அவள் தூங்குவதே இல்லை. கண் எரிய எரிய அந்த முப்பத்தொன்பது சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுகிறாள். உங்களிடம் அதை எழுத வெட்கமாக இருந்தது. விண்ணப்பத்துக்கு ஆகஸ்ட் இருபது கடைசி நாள். தாள் அப்படியே கிடக்கிறது. மேடம் கேட்டதற்கு, "மூணு வரி படிக்காதவ எதுக்கு நாலு வருஷம் படிக்கணும்" என்றாளாம்.

உங்களிடம் வரச் சொன்னேன். மாட்டேன் என்றாள். அவளிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த எந்தச் சொல்லும் இதற்கு உதவவில்லை. நீங்கள் சொல்லுங்கள் அண்ணி. எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

நாத்தனார்


ஆகஸ்ட் 7

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை.

சீட்டை அவளிடம் நீட்டியது எனக்கு மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. உனக்கு எழுதும்போது அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். 'சீட்டு முழுக்க இங்கிலீஷ். வீட்டுக்கு வந்து உனக்கு ஃபோன் போட்டேன்' என்று எழுதியிருப்பேன், எடுத்துப் பார். நடுவில் ஒரு வரி இல்லை. நீ ஒரு சொல்லை விட்டாய், நான் ஒரு வரியை விட்டேன். அவளுக்கு அது நினைவில் இருக்காது என்று நினைத்தேன். சின்னப் பெண், படிப்பு அவசரத்தில் ஏதோ சொன்னாள், அதோடு போயிற்று என்று நினைத்தேன். என் கையைப் பார்த்தாள் என்று உன்னிடம் எவ்வளவு அழுதேன். என் கையைப் பார்த்துக்கொண்டே அவள் நினைத்தது அந்தச் சீட்டையாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதம் பீரோவில் இருக்கிறது. அதை யாருக்கும் அனுப்ப மாட்டேன், ஆனால் கிழிக்கவும் மாட்டேன்.

என்ன சொன்னாலும் செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் இதைச் செய். அவளிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும்.

நான் சொன்னால் நம்ப மாட்டாள். தன்னைத் தேற்றுவதற்காக அம்மா சொல்கிறாள் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். நீ சொன்னால் நம்புவாள். உனக்கும் எனக்கும் சண்டை என்று அவளுக்குத் தெரியும். அதனால் இரக்கமாகச் சொல்லாதே. கோபமாகச் சொல். என்னைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி சொல். உனக்கு அது வரும்.

இதில் உன் பங்கும் அவள் கண்ணில் குறைந்துபோகும். அதுதான் எனக்கு வயிறு எரிகிறது. வேறு வழி இருக்கிறதா என்று ஐந்து நாளாக யோசித்துவிட்டேன். கிடைக்கவில்லை.

அன்று அந்த டாக்டரிடம் நர்ஸ் என்று யாரும் இல்லை. எங்களிடம் யாரும் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தால் போதும். பாப்பாவைப் பொறுத்தவரை அன்று ஒரு நர்ஸ் இருந்தாள், என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். தெரிந்துதான் எழுதுகிறேன். என் மேல் கோபம் வரட்டும். கோபம் வந்தால் இருந்துவிட முடிகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். என்னைத் திட்டிக்கொண்டே தூங்கட்டும். இருபதாம் தேதிக்குள் தாளை நிரப்பிப் போட வை. கையெழுத்துக்கு அம்மா வேண்டும் என்றால் தபாலில் அனுப்பு, போட்டு அனுப்புகிறேன். கூட ஒரு வரியும் எழுத மாட்டேன்.

அவள் என்றைக்காவது வந்து கேட்டால் நானும் இதையேதான் சொல்வேன். இரண்டு பேர் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் நீ பேச வேண்டியதைப் பேச்சாகவே கீழே எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்துகொண்டு இந்தக் காகிதத்தைக் கிழித்துப்போடு.

"உங்க அம்மா என் மேல மட்டும் பழியைப் போட்டுக்கிட்டு இருந்தாங்களே, இப்ப அவங்களே எழுதி மாட்டிக்கிட்டாங்க. சனிக்கிழமை டாக்டர் ரூமுக்கு வெளியில நர்ஸ் அவங்க கையைப் பிடிச்சு நிறுத்திச் சொல்லியிருக்கு. தேய்க்காதீங்க, நடக்க விடாதீங்க, இன்னிக்கே ஸ்கேன் எடுங்கன்னு. தமிழ்ல. ரெண்டு தடவை. உங்க அம்மா தலையை ஆட்டிட்டு வந்திருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரியில போய்க் காத்துக் கிடக்க அலுப்பு. அதை உன்கிட்டயும் சொல்லலை, என்கிட்டயும் சொல்லலை. சீட்டை உன்கிட்ட நீட்டினது சும்மா ஒரு பேச்சுக்கு. அது உன் கைக்கு வந்தப்ப அதுல இருந்த மூணு வரியும் அவங்களுக்குத் தெரியும். நீ படிச்சிருந்தாலும் அவங்க போயிருக்க மாட்டாங்க."